அண்ணி தொடாத ட்யூப்

எங்கள் அண்ணி இருக்கும் வீட்டில் ஒரு வாய் பால்கூட நிம்மதியாகக் குடிக்க முடியாது. பால்காரர் வாசலில் வந்து நிற்கும்போதே அண்ணி ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பார். ஒரு சொட்டுப் பாலைத் தட்டின் மேல் விளிம்பில் விடுவார். சொட்டு மெதுவாக வழிந்து, பின்னால் வெள்ளைக் கோடு விட்டால் அது பால். கோடே விடாமல் விறுவிறுவென்று ஓடினால், அன்றைக்குப் பால்காரர் பாடு திண்டாட்டம்தான். அந்தச் சொட்டு கீழே போய்ச் சேரும்வரை அந்த மனுஷன் மூச்சு விடாமல் நிற்பார்.

என் டீக்கடைக்கு வந்தாலும் இதே கதைதான். ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து சூப் பாத்திரத்துக்குள் விட்டு, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே உதட்டைப் பிதுக்குவார். ஒன்று கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டுமாம், இல்லையென்றால் ஐஸில் இருக்க வேண்டுமாம். நடுவில் வெதுவெதுவென்று வைத்தால் கிருமிக்குக் கல்யாண விருந்து வைத்த மாதிரியாம். "என் கடையை மூடவே வந்தீங்களா அண்ணி" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும், ஊருக்கே தெரியும். அண்ணி சிரித்துக்கொண்டே அடுப்பைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். ஆனால் இத்தனை வருஷத்தில் என் கடையில் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டவன் என்று ஒருத்தன் கிடையாது. அந்தப் பெருமையில் பாதி அண்ணியுடையது, மனசார ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கு வேலை ஊர்க் குடிநீர் நிலையத்தில், தண்ணீரைச் சோதிப்பது. காலையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். குழாயைத் திறந்து அப்படியே பாட்டிலில் பிடிக்க மாட்டார். முதலில் குழாயின் வாயை நெருப்பால் சுடுவார், அதன் மேல் ஒட்டியிருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய்விடக் கூடாது என்று. பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டில் மூடியைக் கீழே வைக்காமல், வாய்ப்பக்கம் தரையைப் பார்க்கும்படி விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிரப்புவார். தெருப் பெண்கள் அவருக்குக் 'குழாய்க்குச் சூடு வைக்கிற அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் முதலில் சிரித்தவன்தான். பிறகு ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறந்த குழந்தையைக்கூட அத்தனை கவனமாக யாரும் கையில் வாங்கி நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. வால்வைத் திறப்பது, மூடுவது, தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. 'மருந்து போடுறது' என்றுதான் அங்கே சொல்வார்கள். மருந்தை அவன் போடுவான், சரியாகப் போட்டிருக்கிறானா என்று அண்ணி அளந்து பார்ப்பார். கட்டினால் இப்படி ஒரு ஜோடியைக் கட்ட வேண்டும் என்று நிலையத்தில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அண்ணனை 'அவன்' என்றும் அண்ணியை 'அவர்' என்றும் நான் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். அவன் என்னோடு அடித்துப் பிடித்து வளர்ந்தவன். அண்ணியைப் பற்றிப் பேசும்போது எனக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது.

அந்த வருஷம் மழை பேயாகப் பெய்தது. ஆற்று வெள்ளம் நிலையத்துக்குள் புகுந்து பெரிய தொட்டியில் சேறாகிவிட்டது. குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டார்கள். தொட்டியைக் கழுவித் திரும்ப நிரப்பும்வரை ஊருக்கு லாரித் தண்ணீர்தான், அதுவும் வந்தால் உண்டு. என் கடையில் டீ போடவே தண்ணீர் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு வாந்தியும் பேதியும் பரவும் என்று எல்லோருக்கும் பயம். தொட்டி நிரம்பியதும் வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து போடச் சொன்னார் இன்ஜினியர். அண்ணன் சாயங்காலம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள், கண் இரண்டும் சிவந்திருந்தன.

மறுநாள் காலையில் நிலையத்து வாசலில் ஒரே கூட்டம், ஆளுக்கொரு குடம். வாசல் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்றைய சோதனை முடிவை அண்ணி அதில் சாக்பீஸால் எழுதிப் போடுவார், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எங்கள் ஊரில் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தச் சோதனை தெரியும். ஒரு சின்ன ட்யூபில் தண்ணீரை எடுத்து, ஒரு மாத்திரையைப் போட்டு, மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் மருந்து இருந்தால் ரோஜா நிறம் வரும். நிறமே வரவில்லையென்றால் மருந்தே இல்லை என்று அர்த்தம்.

அண்ணி ஜன்னலோரத்தில் நின்று ட்யூபைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்ததை நான் வெளியிலிருந்து பார்த்தேன். இன்ஜினியர் பக்கத்தில் நின்றார். ட்யூபில் நிறம் வரவில்லை. அண்ணி வேறொரு அட்டையிலிருந்து புது மாத்திரை பிரித்துப் போட்டு மறுபடியும் குலுக்கினார். அப்போதும் கண்ணாடி மாதிரி நின்றது தண்ணீர். ட்யூபைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பலகையில் எழுதினார்: குளோரின் இல்லை.

குடத்தோடு நின்றவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வெள்ளம் வந்த தண்ணீரில் மருந்து போடாமல் ஒருத்தன் தூங்கப் போய்விட்டான் என்று கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. அவன் யார் என்றும் எல்லோருக்கும் தெரியும், எழுதியவர் அவன் பெண்டாட்டி என்பதும் தெரியும். அண்ணன் வால்வு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். போட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னான். இன்ஜினியர் கெட்டவர் இல்லை, ஆனால் அன்றைக்கு அவர் பொறுமையும் தீர்ந்துபோயிருந்தது. வீட்டுக்குப் போ, விசாரணை முடிகிறவரை இந்தப் பக்கம் வராதே என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் ஊர் குடிக்கிற தண்ணீரில் மருந்து போடாதவன் என்ற பெயரோடு அவன் எந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பான்? என் அண்ணன் அந்த வயதில் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போக மனசு வராமல் வால்வு அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

இன்ஜினியர் அடுத்த உத்தரவையும் போட்டார். ஸ்டோர்காரர் புது மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் மருந்து போட வேண்டும், ஊறியதும் குழாய்களைத் திறந்துவிட வேண்டும். ஜனங்கள் இனியும் தாங்க மாட்டார்கள் என்றார்.

மிச்சமிருந்த லாரித் தண்ணீரில் ஒரு டீ போட்டு, அதைக் கொண்டுபோகிற சாக்கில் நான் சோதனை அறைக்குள் போனேன். உள்ளே கால் வைத்ததுமே கண் கரித்தது. பக்கத்து ஸ்டோர் ரூமில் மழையில் நனைந்த பிளீச்சிங் மூட்டைகள், அந்த நெடி கட்டிடம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. எது தொட்டித் தண்ணீரின் வாசனை, எது மூட்டையின் வாசனை என்று அங்கே யாருக்கும் தெரியாது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அண்ணி, அது உங்க புருஷன்."

"தெரியும் தம்பி."

"லேசா நிறம் வந்துச்சுன்னு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? எப்படியும் மறுபடி மருந்து போடத்தானே போறாங்க."

"இன்னைக்கு அவருக்காக வராத நிறத்தை எழுதினா, இத்தனை வருஷமா நான் எழுதினதை யாரு நம்புவாங்க?"

எனக்குக் கோபம் இரட்டிப்பானது. டீயை டொக்கென்று மேஜையில் வைத்தேன். அதில் ஒரு பாட்டில் ஆடியது. அண்ணி சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் அந்தப் பாட்டிலையே பார்க்க ஆரம்பித்தார்.

அது தொட்டிக்கு வரும் குழாயிலிருந்து பிடித்தது, மருந்து சேர்வதற்கு முந்தைய தண்ணீர். வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை வடிகட்டினாலும் அதில் லேசாக ஒரு மஞ்சள் இருந்தது, நீர்த்த டீ மாதிரி. பக்கத்தில் தொட்டியிலிருந்து எடுத்த பாட்டில். அதில் மஞ்சளே இல்லை. அண்ணி இரண்டையும் வெள்ளைத் தாளின் முன்னால் வைத்தார். தள்ளி வைத்தார், நெருக்கி வைத்தார். கடைசியில் என்னிடம் கேட்டார், எனக்கு என்ன தெரியும் என்று கேட்டாரோ:

"தம்பி, மருந்து போடலேன்னா இந்த மஞ்சள் எங்க போச்சு?"

அவர் கை மாத்திரை அட்டையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். போட்டுப் பாருங்களேன் அண்ணி, என்ன யோசனை என்று நச்சரித்தேன். அவர் என் பேச்சைக் காதில் வாங்காமல் எழுந்து வெளியே போனார். நடக்கிற வேகத்தில் செருப்பைக்கூட மாட்டவில்லை.

இன்ஜினியரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வரும்போதே முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார். நீங்களே இரண்டு தடவை பார்த்து, நீங்களே பலகையில் எழுதிவிட்டு, இப்போது மூன்றாவது தடவை எதற்கு என்று கேட்டார். கணவன் என்பதால் மனசு மாறிவிட்டதா என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் கண் கேட்டது. எனக்கு அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. ட்யூப் இருக்கும் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எதையும் தொடமாட்டேன் சார். நீங்களே தண்ணி எடுங்க, நீங்களே மாத்திரை போடுங்க. மூடிக் குலுக்க மட்டும் வேண்டாம். போட்டதும் அடியிலயே கண்ணை வைங்க."

இன்ஜினியர் அலுத்துக்கொண்டே செய்தார். மாத்திரை ட்யூபின் அடிக்குப் போய் உட்கார்ந்தது. அடுத்த கணம் அதிலிருந்து ரத்தச் சிவப்பாக ஒரு நூல் கிளம்பியது. நான் பார்த்தேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கிளம்பிய நூல் மேலே வருவதற்குள் வெளுத்துக் காணாமல் போனது. இன்னொரு நூல் கிளம்பியது, அதுவும் போனது. மாத்திரை முழுக்கக் கரைந்து முடிந்தபோது ட்யூபில் வெறும் தெளிந்த தண்ணீர், காலையில் அண்ணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அதே தண்ணீர்.

இன்ஜினியர் இன்னொரு ட்யூபில் அதையே செய்தார். அதே சிவப்பு வந்தது, அதேபோல மறைந்தது.

"இப்ப இந்தத் தண்ணியில ஒரு பங்கு எடுத்து, ஒன்பது பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணியில கலந்துட்டு, அதுல போட்டுப் பாருங்க சார்" என்றார் அண்ணி. கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான்.

கலந்து போட்டார். ட்யூப் முழுவதும் ரோஜா நிறம் திரண்டு எழுந்து, அப்படியே நின்றது. அந்த நிறத்தை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாதிரி அழகாக அது எனக்குத் தெரிந்ததில்லை.

விஷயம் இதுதான். மருந்து அளவாக இருந்தால் நிறம் வரும். அளவுக்கு மிஞ்சிப்போனால் வந்த நிறத்தையே மருந்து வெளுத்துத் தின்றுவிடும். குலுக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். ஒன்றுமே இல்லாத தண்ணீரும், தாங்க முடியாத அளவுக்கு இருக்கும் தண்ணீரும் ட்யூபுக்குள் ஒரே மாதிரி நிற்கும். அண்ணி படித்த காலத்தில் ஒரு வரியாகப் படித்ததாம், அத்தனை மருந்து உள்ள தண்ணீரை வேலையில் ஒருநாள்கூடச் சந்தித்ததில்லையாம். அந்த ஒரு வரியை ஒரு மஞ்சள் காணாமல் போனதிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார் எங்கள் அண்ணி. அதுவும் எப்போது? வெளியே ஊர் ஏசுகிறது, பக்கத்தில் நான் கத்துகிறேன், வால்வு அறையில் புருஷன் அழுகிறான். எனக்கு அந்த நேரத்தில் என் பெயரே மறந்துபோயிருக்கும்.

இன்ஜினியர் ஜன்னலுக்கு ஓடினார். தொட்டியின் மேலே ஸ்டோர்காரர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்துங்க, போடாதீங்க என்று இன்ஜினியர் போட்ட சத்தத்தில் அவர் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். இருக்கிறதுக்கு மேல் அந்த மூட்டையும் விழுந்து, குழாயையும் திறந்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாகத்தில் கிடந்த ஊர், வாசனையெல்லாம் யார் பார்த்திருப்பார்கள்? தொண்டை எரிந்து வயிற்றைப் புரட்டியிருக்கும். குழந்தைகள் பாடு இன்னும் மோசம்.

அண்ணனைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு போட்டாய் என்று இன்ஜினியர் கேட்டார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு சொன்னான். இன்ஜினியர் சொன்ன அளவைத்தான் முதலில் போட்டானாம். மூடியை மூடப்போகும்போது தொட்டிக்குள் கிடந்த சேறு ஞாபகம் வந்ததாம். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் முகமெல்லாம் ஞாபகம் வந்ததாம். மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் போட்டானாம். அப்புறமும் மனசு கேட்கவில்லையாம். கடைசியில் எவ்வளவு போட்டான் என்பது அவனுக்கே தெரியவில்லை. கறிக்கு உப்பு அள்ளிப் போடுகிற மாதிரி ஊர்த் தண்ணீருக்கு மருந்தை அள்ளிப் போட்டிருக்கிறான், என் கூடப் பிறந்த மகராசன்.

இத்தனை நேரம் இதை ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று கேட்டார் இன்ஜினியர்.

"முதல்ல பயமா இருந்துச்சு சார். அப்புறம் அவ 'இல்லை'ன்னு எழுதினதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அவ இல்லைன்னா இல்லதான். ஒருவேளை கனவுலதான் போட்டேனோன்னு நினைச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். முதலில் சிரித்தவர் இன்ஜினியர்தான். ஆனால் அத்தோடு விடவில்லை. அளவு தெரியாமல் போடுவதும் போடாமல் விடுவதும் எனக்கு ஒன்றுதான் என்று அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது மட்டுமில்லை, இனி மருந்தை எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும், இன்னொருத்தர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அவரே ஒரு யோசனையும் சொன்னார். விசாரணை என்ற பேச்சை இன்ஜினியர் கைவிட்டார். தொட்டித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் நிரப்புகிற வேலையை அண்ணன் தலையிலேயே கட்டினார்.

அண்ணி வெளியே போய், பலகையில் எழுதியிருந்ததை அழித்தார். காலையில் நான் எழுதியது தப்பு என்று முதல் வரி எழுதினார். மருந்து மிக அதிகம், இன்னும் திறக்கவில்லை என்று அடுத்த வரி எழுதினார். கூட்டம் முனகியது. தப்பு என்று எழுதிப்போடுகிற அரசாங்கப் பலகையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும், அந்த அக்கா திறன்னு சொல்லட்டும், அதுவரைக்கும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பக்கத்திலிருந்த என் கடையிலும் அன்றைக்குக் கூட்டம் இருந்தது, தண்ணீர்தான் இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் ட்யூபில் சரியான ரோஜா நிறம் வந்தது. இந்தத் தடவை அண்ணியேதான் மாத்திரை போட்டார், முதலில் குலுக்காமல், பிறகு குலுக்கி. நிறம் மாறாமல் நின்றது. பலகையில் எழுதிவிட்டு, நிலையத்துக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து முதலில் அவர் குடித்தார். அண்ணன் வால்வைத் திறந்தான். தெருமுனைக் குழாய் இருமிக் கனைத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணனுக்கு நாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் நின்று பாதம் வெளுத்துப்போயிருந்தது. தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர, வாய்க்குப் போகவில்லை. அவனுக்கு ஏதோ கேட்க வேண்டியிருந்தது என்று எனக்குப் புரிந்தது. தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்து அடுப்படிப் பக்கம் போனேன். காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஊரே நான் போடலேன்னு சொல்லுச்சு. உன் ட்யூபும் அதையேதான் சொல்லுச்சு. நீ என்ன நினைச்ச?"

அண்ணி குழம்புக் கரண்டியை எடுத்தார். அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

"நீங்க போட்டிருப்பீங்கன்னு நம்பினேங்க. அதனாலதான் மூணாவது தடவை அந்த ட்யூபை நான் தொடல. நம்புறவ கண்ணுக்கு வராத நிறமும் வந்த மாதிரி தெரியும்."

சொம்பு நிரம்பி வழிந்து காலில் கொட்டும்வரை நான் குழாயை மூட மறந்து நின்றேன்.